தேள் நஞ்சின் நொதிகளைத் தேடி: மரபணு வாசிப்பு நமக்குச் சொல்வது என்ன?

தேளுக்குக் கொடுக்கில் நஞ்சு என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் அந்த நஞ்சு ஒரே பொருள் அன்று. ஒரு தேள் ஒருமுறை கொட்டும்போது நம் உடலுக்குள் இறங்கும் மிகச் சிறு துளியில் பலவகைப் புரதங்களும், புரதத் துண்டுகளும், உப்புகளும் கலந்திருக்கின்றன. அவற்றுள் சில நரம்பைத் தாக்குகின்றன. சில இதயத்தைத் தடுமாறச் செய்கின்றன. வேறு சில, பிற நச்சுகள் உடலெங்கும் பரவுவதற்கு வழி திறந்து விடுகின்றன. இவ்வாறு வழி திறப்பவையே இக்கட்டுரையின் பொருளான நொதிகள், அதாவது என்சைம்கள்.

இந்த நொதிகளை உண்டாக்கும் மரபணுக்களை அறிவியலாளர்கள் எவ்வாறு கண்டறிகின்றனர்? அவ்வாறு கண்டறிவதனால் அவசரப் பிரிவில் படுத்திருக்கும் ஒரு குழந்தைக்கோ, அருகில் கலங்கி நிற்கும் பெற்றோருக்கோ என்ன பயன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே நம் நோக்கம். இறுதியில், தேள் கொட்டியவருக்குச் செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாதவற்றையும் தொகுத்துத் தந்துள்ளோம். நேரமில்லாதவர்கள் அப்பகுதியை மட்டுமேனும் படித்து, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வைக்க வேண்டுகிறோம்.

எல்லாத் தேளும் ஒன்றல்ல

உலகில் 2,500-க்கும் மேற்பட்ட தேள் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மனித உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியவை மிகச் சிலவே. நம் ஊர்ப்புறங்களில் நட்டுவாக்காலி என்று அழைக்கப்படும் பெரிய கருந்தேளைக் கண்டால் எவரும் அஞ்சுவர். அது கொட்டினால் வலி கடுமையாக இருக்கும். ஆயினும் உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது. உருவில் சிறிய செந்தேளே உண்மையில் அஞ்சத்தக்கது. தடித்த இடுக்கிகளை உடைய தேள் தன் இரையை அவற்றாலேயே நசுக்கிவிடும். மெல்லிய இடுக்கிகளை உடைய தேளோ தன் நஞ்சையே பெரிதும் நம்பியிருக்கிறது. விதிவிலக்குகள் உண்டெனினும், பொதுவாக இதுவே உண்மை.

இந்தியச் செந்தேளின் அறிவியல் பெயர் 'ஹொட்டென்டோட்டா தமுலஸ்' என்பதாகும். பெயரிலேயே தமிழைச் சுமந்து நிற்கும் இவ்வுயிரி, இந்தியாவின் பல மாநிலங்களில் மருத்துவர்கள் எதிர்கொள்ளும் முதன்மையான நச்சுத்தேள் ஆகும். இதன் நஞ்சில் உள்ள சிறு நச்சுகள், நரம்புச் செல்களின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைக்கின்றன. அதனால் அட்ரினலின் போன்ற சுரப்புகள் உடலில் வெள்ளமாகப் பெருகுகின்றன. வியர்வை கொட்டுகிறது, கைகால்கள் குளிர்ந்து போகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் களைத்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலையும் வரலாம்.

மகாராஷ்டிர மாநிலம் ராய்கட் மாவட்டத்தின் மகாட் பகுதியில் இந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தவர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 1976-இல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியைத் தொடங்கிய அவர், தேள்கடியால் இறப்போரின் இதயத்தில் நிகழ்வது என்ன என்பதைக் குறித்து வைத்து, அதனை 1982-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இரத்த அழுத்தத்திற்கென வழங்கப்பட்டு வந்த 'பிரசோசின்' என்னும் எளிய மாத்திரை இந்த வெள்ளப்பெருக்கின் விளைவுகளைத் தடுக்கும் என்பதை அவரும் அவர்தம் துணைவியார் மருத்துவர் பிரமோதினி பாவஸ்கரும் நடைமுறையில் காட்டினர். கடும் பாதிப்பு அடைந்தவர்களுள் முன்பு நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் இறந்த நிலை மாறி, இந்த மாத்திரை வந்தபின் இறப்பு நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்ததாக அவர்களுடைய பதிவுகள் கூறுகின்றன. இப்பணிக்காக அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அப்படியானால் ஆய்வுக்கு இன்னும் என்ன மீதம் இருக்கிறது என்று கேட்கலாம். பிரசோசின் நஞ்சின் விளைவைத் தடுக்கிறதே தவிர, நஞ்சை அழிப்பதில்லை. நஞ்சையே செயலிழக்கச் செய்வது நச்சுமுறி மருந்து. அந்த மருந்தை மேம்படுத்த வேண்டுமானால், நஞ்சில் என்னென்ன உள்ளன என்பதை ஒவ்வொன்றாக அறிந்தாக வேண்டும்.

நொதிகள் செய்யும் வேலை

நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். நாம் உண்ணும் சோற்றை உமிழ்நீர் சிறிது சிறிதாக இனிப்பாக மாற்றுவதும் ஒரு நொதியின் வேலையே. தேள் நஞ்சிலும் இத்தகைய நொதிகள் உள்ளன. அவற்றுள் மூன்று வகைகளை இங்கு அறிந்துகொள்வோம்.

முதலாவது ஹயலுரோனிடேஸ். நம் தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள வெளியை ஹயலுரோனிக் அமிலம் என்னும் கூழ் போன்ற பொருள் நிரப்பியிருக்கிறது. அது ஒரு வேலி போல நின்று அந்நியப் பொருள்களை எளிதில் பரவவிடாது. ஹயலுரோனிடேஸ் அந்த வேலியை அறுத்து விடுகிறது. எனவே அறிவியலாளர் இதனைப் 'பரவச் செய்யும் காரணி' என்பர். நஞ்சில் இது நேரடியாக எவரையும் கொல்வதில்லை. கொல்லக்கூடிய நச்சுக்கு வழி விடுகிறது.

இரண்டாவது உலோகப் புரதச்சிதைப்பான்கள். துத்தநாக அணு ஒன்றைத் தம் நடுவில் தாங்கி, பிற புரதங்களை வெட்டும் கத்தரிக்கோல்கள் இவை. மூன்றாவது பாஸ்போலிப்பேஸ்கள். இவை செல்லின் மேலுறையான கொழுப்புப் படலத்தைச் சிதைப்பவை. எல்லாத் தேள்களின் நஞ்சிலும் இம்மூன்றும் ஒரே அளவில் இருப்பதில்லை. செந்தேள் போன்றவற்றில் நரம்பு நச்சுகள் மேலோங்கி நிற்க, நொதிகள் துணை நிற்கின்றன. ஈரானில் காணப்படும் 'ஹெமிஸ்கார்பியஸ் லெப்டுரஸ்' என்னும் தேளில் நொதியே முன்னணியில் நிற்கிறது. அது கொட்டிய இடத்தில் வலி குறைவாகவே இருக்கலாம். ஆனால் பின்னர் தசை அழுகும், இரத்த அணுக்கள் சிதையும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

முன்பு எவ்வாறு தேடினர்?

நஞ்சிலிருந்து நொதியை நேரடியாகப் பிரித்தெடுப்பதே பழைய முறை. தேளின் வாலின் இறுதிக் கணுவில் இரண்டு நச்சுச் சுரப்பிகள் உள்ளன. மெல்லிய மின்தூண்டலைக் கொடுத்தால் கொடுக்கின் நுனியில் நஞ்சு துளிர்க்கும். ஒரு தேளிலிருந்து கிடைப்பது சில மைக்ரோலிட்டர் அளவே. ஒரு நொதியைப் போதிய அளவில் பிரிக்க நூற்றுக்கணக்கான தேள்களிடமிருந்து பலமுறை நஞ்சு எடுக்க வேண்டியிருந்தது. 1990-ஆம் ஆண்டிலேயே இந்திய ஆய்வாளர்கள் இம்முறையில் கருந்தேள் இனம் ஒன்றின் நஞ்சிலிருந்து ஹயலுரோனிடேஸைப் பிரித்தெடுத்து அதன் இயல்புகளை விவரித்தனர்.

2008-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. கோபாலகிருஷ்ணகோன் குழுவினர், சீனச் செந்தேளின் நஞ்சிலிருந்து அதே வகை நொதியைத் தூய நிலையில் பிரித்தனர். அதன் மரபணுவைப் படியெடுத்து அவர்கள் வெளியிட்டது 2010-இல். முதலில் புரதம், அதன்பின் மரபணு என்பதே அன்றைய வரிசை. இன்று அவ்வரிசை தலைகீழாகி விட்டது. முதலில் மரபணுக்கள் அனைத்தையும் படித்துவிட்டு, அவற்றுள் எது நொதி என்று தேடுகின்றனர்.

மருந்துச் சீட்டைப் படிப்பது போல

இந்தப் புதிய முறையைப் புரிந்துகொள்ள, நம் மருத்துவமனையையே எடுத்துக்கொள்வோம். நோயாளிகள் அனைவரின் கோப்புகளும் ஆவண அறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இன்று ஒரு வார்டில் எந்தெந்த மருந்துகள் பயன்படுகின்றன என்று அறிய விரும்புபவர் ஆவண அறைக்குப் போக வேண்டியதில்லை. அந்த வார்டிலிருந்து மருந்தகத்திற்கு வரும் சீட்டுகளைத் திரட்டிப் பார்த்தால் போதும். எந்தச் சீட்டு ஒருமுறை வந்தது, எது ஐம்பது முறை வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

தேளின் உடலில் டி.என்.ஏ. என்பது ஆவண அறை. அது கால், கண், குடல், சுரப்பி என எல்லாச் செல்களிலும் ஒன்றே. ஆர்.என்.ஏ. என்பது மருந்துச் சீட்டு. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற ஆணையைச் சுமந்து செல்வது அதுவே. ஆகவே நச்சுச் சுரப்பியில் உள்ள ஆர்.என்.ஏ.வை மட்டும் திரட்டிப் படித்தால், நஞ்சு தயாரிக்க எந்த மரபணுக்கள் பணி செய்கின்றன என்பது வெளிப்படும்.

இதன் படிநிலைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் தேளிலிருந்து நஞ்சை வெளியேற்றி விடுகின்றனர். காலியான சுரப்பி, இழந்த நஞ்சை மீண்டும் நிரப்ப முனைந்து வேலை செய்யும். இரண்டு மூன்று நாள்கள் கழித்து, அந்த வேலை மும்முரமாக நடக்கும்போது சுரப்பியை எடுக்கின்றனர். சீட்டுகள் மிகுதியாகக் கிடைக்கும் நேரம் அதுவே.

அடுத்து, சுரப்பியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து டி.என்.ஏ. வடிவத்திற்கு மாற்றுகின்றனர். ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும்; டி.என்.ஏ. நிலைத்து நிற்கும். கொரோனாக் காலத்தில் நாம் அனைவரும் கேள்விப்பட்ட ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையின் பெயரில் உள்ள 'ஆர்.டி.' குறிப்பதும் இந்த மாற்றத்தையே.

பிறகு, வரிசையறியும் கருவி கோடிக்கணக்கான சிறு துண்டுகளைப் படிக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 100 முதல் 150 எழுத்துகள் நீளமே இருக்கும். ஒரு நூலின் பல படிகளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் கலந்தபின், ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் விளிம்புகளைக் கொண்டு மீண்டும் ஒட்டுவது எத்தகைய வேலையோ, அதைக் கணினி செய்கிறது. அதன் முடிவில் முழுமையான மரபணு வாசகங்கள் கிடைக்கின்றன.

இறுதியாகப் பெயரிடும் வேலை. கிடைத்த ஒவ்வொரு வாசகத்தையும், உலகெங்கும் முன்னரே அறியப்பட்ட புரதங்களின் தரவுத்தொகுப்போடு கணினி ஒப்பிடுகிறது. நரம்பு நச்சுகள் சிறியவை. சோடியம் வாயிலைத் தாக்குபவை பெரும்பாலும் 60 முதல் 76 அமினோ அமிலங்களால் ஆனவை. ஹயலுரோனிடேஸோ ஏறத்தாழ 400 அமினோ அமிலங்கள் கொண்டது. உலோகப் புரதச்சிதைப்பானுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. ஹிஸ்டிடின், குளூட்டாமிக் அமிலம், இடையில் எவையேனும் இரண்டு, மீண்டும் ஹிஸ்டிடின் என்ற ஐந்து எழுத்து வரிசையே அது. துத்தநாக அணுவைப் பற்றிக்கொள்ளும் பிடி அந்த இடத்தில்தான் இருக்கிறது. பல்லாயிரம் வாசகங்களுக்கு நடுவே இந்த ஐந்தெழுத்தைக் கண்டால், கத்தரிக்கோல் ஒன்று சிக்கியது என்று ஆய்வாளர் அறிந்துகொள்வார்.

பெயர் கிடைத்தால் மட்டும் போதாது

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு மரபணு நொதியைப் போலத் தோன்றுவதால் மட்டும் அது நஞ்சின் பகுதி ஆகிவிடாது. சுரப்பியின் செல்களும் உயிருள்ள செல்களே. தம் அன்றாட வாழ்வுக்கு அவற்றுக்கும் நொதிகள் தேவை. வார்டிலிருந்து வந்த சீட்டுகளுக்கு நடுவே செவிலியர்களின் தேநீர்க் கணக்கும் கலந்திருப்பது போன்றது இது.

எனவே இரண்டு சான்றுகளைத் தேடுகின்றனர். முதலாவது, அந்தப் புரதம் செல்லை விட்டு வெளியே அனுப்பப்படுவதற்கான முகவரிச் சீட்டு அதன் தொடக்கத்தில் உள்ளதா என்பது. இரண்டாவது, எடுத்த நஞ்சை நிறைநிறமாலைக் கருவியில் ஆராய்ந்தால் அந்தப் புரதத்தின் துண்டுகள் உண்மையிலேயே காணப்படுகின்றனவா என்பது. இவ்விரண்டும் பொருந்தினால் ஐயம் பெரிதும் நீங்கும். அதன் பிறகும், அந்த மரபணுவை பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ செலுத்தி, புரதத்தைச் செய்வித்து, அது வேலை செய்கிறதா என்று சோதித்தாலன்றி இறுதி முடிவுக்கு வர இயலாது. நம் ஆய்வகங்களில் ஒரு பரிசோதனையின் முடிவை மருத்துவர் மற்றொரு பரிசோதனையால் உறுதி செய்வது போன்றதே இதுவும்.

பிரேசிலின் மஞ்சள் தேள் கற்பித்தவை

இம்முறையின் பயனை நன்கு காட்டும் எடுத்துக்காட்டு பிரேசிலின் மஞ்சள் தேள். 'டிட்யஸ் செருலேட்டஸ்' என்னும் இத்தேளில் பெண் தேள் ஆண் துணையின்றியே குட்டி ஈனும். ஆகவே ஒரே ஒரு தேள் ஒரு குடியிருப்புப் பகுதிக்குள் நுழைந்தாலும் இனம் பெருகிவிடும். கழிவுநீர்க் குழாய்களையும் கரப்பான்பூச்சிகளையும் சார்ந்து நகரங்களுக்குள்ளேயே வாழப் பழகிய இனம் அது. அந்நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட தேள்கடிகள் பதிவாகின்றன.

தேள்கடியில் மருத்துவர்களை நெடுங்காலம் வியக்கவைத்த ஒன்று கணைய அழற்சி. மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டிரினிடாட்டில், இதே பேரினத்தைச் சேர்ந்த தேள் கொட்டியவர்களுக்குக் கடும் வயிற்றுவலியும் கணைய வீக்கமும் ஏற்படுவது 20-ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்யப்பட்டிருந்தது. நரம்பைத் தாக்கும் நஞ்சு கணையத்தை ஏன் புண்ணாக்க வேண்டும்? 2010-இல் ஆய்வாளர்கள் பிரேசிலின் மஞ்சள் தேள் நஞ்சிலிருந்து 'அன்டாரியேஸ்' என்னும் உலோகப் புரதச்சிதைப்பானைப் பிரித்தெடுத்தனர். கணையச் செல்கள் தம் செரிமானச் சாற்றைச் சிறு பைகளில் அடைத்து ஒழுங்காக வெளியேற்றுகின்றன. அந்தப் பைகளை உரிய இடத்தில் இணைக்கும் புரதங்களை அன்டாரியேஸ் வெட்டுவது தெரியவந்தது. கணைய அழற்சிக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்ற கருத்து அதனால் எழுந்தது.

இந்த நொதி ஒரு தேளுக்கு மட்டுமே உரியதா என்ற கேள்வி அடுத்து வந்தது. நூற்றுக்கணக்கான தேள்களைப் பிடித்து நஞ்செடுத்து ஒவ்வொன்றிலும் தேடுவதெனில் ஆண்டுகள் பல ஆகும். மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் லூரிவால் பொசானியின் குழுவினர் சுரப்பிகளின் மரபணு வாசகங்களில் தேடினர். அன்டாரியேஸை ஒத்த நொதிகளின் மரபணுக்கள் பல்வேறு பேரினங்களைச் சேர்ந்த தேள்களிலும் பரவலாக இருப்பதை 2014-இல் வெளியிட்டனர். மரபணு வாசிப்பு இல்லாதிருந்தால் இவ்வளவு அகன்ற பார்வை எளிதில் கிட்டியிராது.

அதே 2014-ஆம் ஆண்டில் பிரேசில் ஆய்வாளர்கள் மஞ்சள் தேளின் ஹயலுரோனிடேஸ் மரபணுக்களை வாசித்தனர். அந்த நொதியை மட்டும் தடுக்கும் எதிர்ப்புரதங்களையும் உருவாக்கினர். நஞ்சு செலுத்தப்பட்ட எலிகளில், இந்த எதிர்ப்புரதங்கள் இறப்பைத் தடுத்ததையும் தாமதப்படுத்தியதையும் கண்டனர். நரம்பு நச்சைத் தொடாமல், அதற்கு வழி விடும் நொதியை மட்டும் தடுத்ததற்கே இந்தப் பலன். திருடனைப் பிடிக்க முடியாவிட்டாலும், அவனுக்குக் கதவைத் திறந்துவிடும் ஆளைப் பிடித்தால் வீடு சிறிது நேரமேனும் காப்பாற்றப்படும் அல்லவா? தேள்கடியில் அந்தச் 'சிறிது நேரம்' என்பது நோயாளி மருத்துவமனையை அடைவதற்குத் தேவையான நேரமாக இருக்கலாம். எலிகளில் கண்டது மனிதர்களிலும் அப்படியே நிகழும் என்று இப்போது சொல்ல இயலாது. எனினும், நச்சுமுறி மருந்து எதைக் குறிவைக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு திசைகாட்டி.

2013-இல் சீனச் செந்தேளின் முழு மரபுத்தொகுதியும் வாசிக்கப்பட்டது. அதில் புரதங்களுக்கான மரபணுக்கள் 32,016 எனக் கணக்கிடப்பட்டன. மனிதருக்கு உள்ளவை ஏறத்தாழ 20,000 மட்டுமே என்பதை எண்ணினால், இச்சிற்றுயிரியின் ஆவண அறை எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

நோயாளிக்கு இதனால் என்ன பயன்?

தேள்கடிக்கான நச்சுமுறி மருந்து இன்றும் குதிரைகளின் வழியாகவே தயாரிக்கப்படுகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுக்கின்றனர். மகாட் பகுதியில் 70 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், பிரசோசினுடன் நச்சுமுறி மருந்தும் பெற்றவர்கள் பிரசோசின் மட்டும் பெற்றவர்களைவிட விரைவில் குணமடைந்தனர். ஆகவே நச்சுமுறி மருந்து பயனற்றது என்று எவரும் எண்ண வேண்டாம்.

ஆயினும் அதில் மேம்பாட்டுக்கு இடமுண்டு. குதிரையின் உடல், நஞ்சில் உள்ள பெரிய புரதங்களை எளிதில் இனங்கண்டு எதிர்ப்புரதம் செய்கிறது. சிறிய நரம்பு நச்சுகளை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அசாம் மாநிலத்தின் தேஜ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்தியச் செந்தேளுக்கான நச்சுமுறி மருந்துகளில் நஞ்சுக்கென்றே உரிய எதிர்ப்புரதங்களின் விழுக்காடு குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டியுள்ளனர். எந்த நச்சு கொல்கிறது, எந்த நொதி அதற்குத் துணை போகிறது என்று மரபணு வழியே அறிந்தால், அவற்றை மட்டும் ஆய்வகத்தில் செய்து, அவற்றுக்கே உரிய மருந்தை உருவாக்கலாம். நஞ்செடுக்கத் தேள்களைத் தேடி அலையும் தேவையும் குறையும்.

நொதிகளைப் பற்றிய அறிவு வேறு துறைகளுக்கும் உதவும். கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றிப் போடப்படும் மரப்பூசியில் ஹயலுரோனிடேஸ் சேர்க்கப்படுவதுண்டு. மரப்பு மருந்து சீராகப் பரவ அது உதவுகிறது. சில புற்றுநோய் மருந்துகளை நரம்பு வழியாக மணிக்கணக்கில் ஏற்றுவதற்கு மாறாகத் தோலுக்கடியில் சில நிமிடங்களில் செலுத்த முடிவதும் இந்த நொதியினாலேயே. இவை தேளிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. விலங்குத் திசுக்களிலிருந்தோ, மனித மரபணுவைக் கொண்டு ஆய்வகத்திலோ பெறப்பட்டவை. இயற்கை ஒரே கருவியை நஞ்சிலும் வைத்திருக்கிறது, நலத்திற்கும் தந்திருக்கிறது.

புற்றுநோய் குறித்து ஒரு சொல்

தேள் நஞ்சு புற்றுநோயைக் குணமாக்கும் என்ற செய்தி கைப்பேசிகளில் அடிக்கடி வலம் வருகிறது. நோயுற்றவரின் துயரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தினர், எதையேனும் முயன்று பார்ப்போமே என்று எண்ணுவது இயல்பே. ஆகவே உண்மை நிலையைச் சொல்வது எங்கள் கடமை.

'குளோரோடாக்ஸின்' என்னும் 36 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் 1993-இல் தேள் நஞ்சிலிருந்து பிரிக்கப்பட்டது. இது நொதி அன்று. மூளைக்கட்டியின் செல்களோடு இது ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் இதனோடு ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்து, அறுவையின்போது கட்டியின் எல்லையை மருத்துவருக்குக் காட்டும் ஒரு பொருளாக உருவாக்கி, நோயாளிகளிடம் ஆய்வு நடத்தி வந்துள்ளனர். இது கட்டியைக் காட்டும் விளக்கே தவிர, கட்டியைக் கரைக்கும் மருந்து அன்று. தேள் நஞ்சு என்ற பெயரில் சொட்டு மருந்தாகவோ எண்ணெயாகவோ விற்கப்படும் எதுவும் புற்றுநோயைக் குணமாக்கும் என மருத்துவ ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. அவற்றை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்துவது பேராபத்து. ஐயம் எழுந்தால் தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை.

தேள் கொட்டினால்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

செய்ய வேண்டியவை:

• கொட்டுப்பட்டவரை அமைதிப்படுத்திப் படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு போன்றவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள்.

• கொட்டிய இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தெடுப்பது வலியைக் குறைக்கும்.

• குழந்தைக்குத் தேள் கொட்டியிருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உடல் சிறியதாகையால் அதே அளவு நஞ்சு அவர்களைக் கூடுதலாகப் பாதிக்கும்.

• எந்த வயதினராயினும், வாந்தி, மிகுந்த வியர்வை, எச்சில் ஒழுகல், கைகால் குளிர்தல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல், ஆண்களுக்குக் காரணமற்ற குறி விறைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வலி குறைவாக இருப்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணாதீர்கள்.

• முதுகுவரை பரவும் வயிற்றுவலி இருந்தால் அதனை மறவாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

• தேளைத் தொலைவிலிருந்து படமெடுக்க முடிந்தால் எடுங்கள். பிடிக்க முயல வேண்டாம்.

செய்யக் கூடாதவை:

• கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சூடு வைத்தல் ஆகிய எதையும் செய்யாதீர்கள்.

• பிரசோசின் மாத்திரையை நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள். அதன் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

• மருத்துவமனையில் அந்த மாத்திரை கொடுக்கப்பட்ட பின், நோயாளியைத் தூக்கி நிறுத்தவோ, கழிப்பறைக்கு நடத்திச் செல்லவோ முயலாதீர்கள். இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம். செவிலியரின் அனுமதி பெற்ற பின்னரே எழுப்புங்கள்.

• வலி தணிந்துவிட்டது என்று கருதி, மருத்துவர் சொல்லுமுன் வீடு திரும்ப வற்புறுத்தாதீர்கள். கண்காணிப்பு நேரமும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

வீட்டில் செங்கல், ஓடு, விறகு ஆகியவற்றைக் குவித்து வைக்காமல் இருப்பதும், காலணியை உதறிப் போடுவதும், தரையில் படுப்போர் படுக்கையைச் சோதித்து விரிப்பதும் எளிய பாதுகாப்பு முறைகள். புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியில் தேள்கள் பச்சை கலந்த நீல நிறத்தில் ஒளிரும் என்பதால், தேள் மிகுந்த பகுதிகளில் இரவில் அத்தகைய கைவிளக்கு மிகவும் பயன்படும்.

மருத்துவர் பாவஸ்கர் தம் நோயாளிகளின் நாடித்துடிப்பையும் வியர்வையையும் குறித்து வைத்த காலத்தில், தேளின் மரபணுக்களைப் படிக்கும் கருவிகள் இல்லை. இன்று அந்தக் கருவிகள் உள்ளன. நோயாளியின் அருகிருந்து பெற்ற அறிவும், மரபணு வாசிப்பிலிருந்து பெற்ற அறிவும் ஒன்று சேரும்போதே அடுத்த நல்ல மருந்து பிறக்கும். அது வரும்வரை, தேள் கொட்டியவருக்கு நாம் தரக்கூடிய மிகச் சிறந்த மருந்து, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு வருவதே.